ஆசாரத்தைத் தாண்டாத வைஃபை

எங்கள் வீட்டில் இணையம் ஆசாரத்தில்தான், அதாவது முன்கட்டுக் கூடத்தில்தான் குடியிருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கம்பி, முன்புறச் சன்னல் சட்டத்தில் போட்ட துளை வழியாக உள்ளே நுழைந்து, அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்துச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கும் பெட்டியோடு நின்றுவிடுகிறது. நான் உட்கார்ந்து வேலை பார்ப்பதோ பின்கட்டின் மாடி அறையில். இரண்டுக்கும் நடுவே அறுபது அடிகூட இராது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தபடியே நூற்பாலைக் கணக்குகளைப் பார்க்கும் எனக்கு, அந்த அறுபது அடி சென்னிமலைக்கும் ஈரோட்டுக்கும் இடைப்பட்ட தூரமாகவே இருந்தது. காணொளிக் கூட்டத்தில் நான் சொல்லும் வாக்கியத்தின் முற்பாதிதான் போய்ச் சேரும். பிற்பாதிக்குப் பதிலாக, வாய் திறந்தபடி உறைந்துபோன என் முகத்தை மேலாளர் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டைச் சொல்லாமல் வைஃபையைப் பற்றிப் பேச முடியாது. முன்கட்டு அப்பாரு 1960களில் கட்டியது. ஒன்றரை அடி கனத்தில் கல்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்குச் சீமை ஓடு. பின்கட்டு 1996இல் அப்பா சேர்த்த தார்சுக் கட்டடம். இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அதன் மேல் ஓர் அறையும். ஓடு அலையை அவ்வளவாகத் தடுக்காது. கல்சுவரும், கம்பி பின்னிய தளமும் தடுக்கும். ஆசாரத்துப் பெட்டியிலிருந்து என் மேசைக்கு வரும் அலை இவை இரண்டையும் நேராகக் கூட அல்லாமல் சாய்வாகக் கடக்க வேண்டியிருப்பதால், ஒன்றரை அடிச் சுவர் அதற்கு இரண்டடிச் சுவராகிவிடுகிறது.

கைப்பேசியில் சிக்னல் அளக்கும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க நடந்தேன். ஆசாரத்தில் மைனஸ் 38 டி.பி.எம்., நடு அறையில் மைனஸ் 58, பின்கட்டுச் சமையலறையில் மைனஸ் 71, என் மேசையில் மைனஸ் 83. மைனஸில் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மங்குகிறது என்று பொருள். பார்வைக்கு இந்த எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் 3 குறைந்தால் சிக்னலின் வலு பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. 38க்கும் 83க்கும் இடையே உள்ள 45 என்பது ஏறத்தாழ 30,000இல் ஒரு பங்கு. காணொளி அழைப்பு தடையின்றி நடக்க மைனஸ் 67க்குக் குறையாமல் வேண்டும் என்பது வலையமைப்புக்காரர்களின் பொதுவான கணக்கு. நான் அதற்கு வெகு கீழே உட்கார்ந்துகொண்டு, மாதாமாதம் 100 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். இந்த எண்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குரியவை. அதைவிட வேகமான, ஆனால் சுவர்களிடம் இன்னும் எளிதாகத் தோற்றுப்போகும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சமையலறை வாசலிலேயே காணாமல் போயிற்று.

சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் எக்ஸ்டெண்டர் என்ற கருவியை வாங்குவதற்கு முன்பே செலவில்லாத ஒரு திருத்தம் கிடைத்தது. நடு அறைச் சுவரை ஒட்டி, ஆசாரத்தில் ஃபைபரை வாங்கி வைஃபையாகத் தரும் ஓ.என்.டி. பெட்டிக்கு நேர் பின்புறமாக, அம்மாவுக்குக் கலியாணச் சீராக வந்த இரும்புப் பீரோ நின்றுகொண்டிருந்தது. இரும்பு அலையை உள்ளே விடாது, திருப்பி அனுப்பும். பீரோவை வடகிழக்குப் பக்கமாக நகர்த்தப் போனபோது அம்மா தடுத்துவிட்டார்கள். “ஈசானி மூலைல பாரம் வெக்கக் கூடாது சாமி, உங்க பொட்டிய வேணா நகத்திக்க” என்றார்கள். பெட்டியை நகர்த்த ஃபைபர் கம்பியின் நீளம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் பீரோ மூன்றடி தெற்கே போயிற்று. சமையலறையில் மைனஸ் 71 என்பது மைனஸ் 66 ஆயிற்று. மாடியில் மட்டும் பெரிய மாற்றமில்லை.

அதற்குப் பிறகுதான் ஈரோட்டில் ஒரு கடைக்குப் போய், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு, “எந்த ரௌட்டருக்கும் பொருந்தும்” என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்த எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி வந்தேன். அந்த வாசகம் பொய்யில்லை. வைஃபை என்பது ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த 802.11 என்ற பொதுத் தரத்தின்படி இயங்குவது. புதிய தலைமுறைக் கருவி பழைய தலைமுறையோடும் பேசும். ஒரு கம்பெனியின் எக்ஸ்டெண்டர் இன்னொரு கம்பெனியின் ரௌட்டரோடு பெரும்பாலும் இணைந்துவிடும். ஆனால் இணைவதும் பொருந்துவதும் ஒன்றல்ல என்பதை அடுத்த இரண்டு வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முதல் பிழை கருவியினுடையது அல்ல, என்னுடையது. சிக்னல் இல்லாத இடத்தில்தானே சிக்னல் வேண்டும் என்று அதைக் கொண்டுபோய் என் மேசைக்குப் பக்கத்து பிளக்கில் சொருகினேன். கைப்பேசியில் கோடுகள் எல்லாம் நிறைந்தன. வேகத்தைச் சோதித்தால் 6 எம்.பி.பி.எஸ்.தான். கைப்பேசி காட்டும் கோடு கைப்பேசிக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையில் உள்ள உறவைத்தான் காட்டுகிறது. எக்ஸ்டெண்டருக்கும் ஆசாரத்துப் பெட்டிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை. மைனஸ் 83இல் தட்டுத்தடுமாறி வந்து சேர்வதை அந்தக் கருவி பளிச்சென்று மறுபடி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கடைமடையில் கரையை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் மதகில் விடாத தண்ணீர் வரப்போவதில்லை.

கருவியை நடு அறைக்குக் கொண்டுவந்ததும் மாடியில் வேகம் 19 ஆயிற்று. அதற்கு மேல் ஏற மறுத்தது. காரணம், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த, ஒரே ரேடியோ உள்ள, வைஃபை 4 என்ற பழைய தலைமுறைக் கருவி. கீழ்பவானி வாய்க்காலில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்கும் மறு போகம் இரட்டைப்படை மதகுக்கும் தண்ணீர் விடுவதுபோல, ஒற்றை ரேடியோ எக்ஸ்டெண்டர் ஒரு கணம் ரௌட்டரிடமிருந்து கேட்கிறது, மறு கணம் அதையே கைப்பேசிக்குச் சொல்கிறது. ஒரே சேனலில் இரண்டு முறை அதே செய்தி போவதால் கிடைக்க வேண்டிய வேகத்தில் பாதி அங்கேயே கழிந்துவிடுகிறது. அட்டையில் போட்டிருந்த 300 என்ற எண், சோதனைக்கூட நிலைமையில் காற்றில் பறக்கும் மொத்தக் கணக்கு. கைக்கு வரும் பங்கு அல்ல.

எக்ஸ்டெண்டருக்குப் பொருத்தம் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் பார்க்க வேண்டிய ஜாதகம் ஓ.என்.டி. பெட்டியினுடையது. அதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. இணைப்புக் கொடுப்பவர்கள் தங்கள் கையிருப்பில் இருப்பதை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாதிரி எண்ணும் உள்நுழையும் முகவரியும் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக்குள் நுழைந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். 2.4, 5 என இரண்டு அலைவரிசையும் உண்டு. வைஃபை 5 வரை தெரியும். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2. ஜிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) கம்பித் துளைகள் இரண்டு. பல கருவிகள் ஒரே வலையமைப்பாக இயங்கும் மெஷ் என்ற சொல்லே எங்கும் இல்லை. கடவுச்சொல் அடிக்காமல் கருவிகளை இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் பெட்டியில் இருந்தது, ஆனால் அமுக்கினால் எந்த விளக்கும் எரியவில்லை.

கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அதெல்லாம் ஆபீசுலயே ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்கண்ணா. நீங்க அதுல கை வெக்காதீங்க” என்றார். யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான். டபிள்யூ.பி.எஸ். முறையின் எட்டு இலக்க எண்ணைச் சில மணி நேரத்தில் ஊகித்துவிடலாம் என்பது 2011 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. அடுத்த தலைமுறைப் பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ.3 மட்டுமே வைத்திருக்கும் வலையமைப்பில் டபிள்யூ.பி.எஸ். வேலையே செய்யாது. ஆகவே “பொத்தானை அமுக்கினால் போதும்” என்று விளம்பரம் செய்யும் எக்ஸ்டெண்டரை அதற்காகவே வாங்குவதில் பொருளில்லை. கைப்பேசிச் செயலி மூலமாகவோ உலாவி மூலமாகவோ கடவுச்சொல்லைக் கொடுத்து இணைக்கும் வழி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே போதும். பாதுகாப்பு முறை இன்னொரு இடத்திலும் இடறும். உங்கள் பெட்டி டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தால், பழைய எக்ஸ்டெண்டர் கடவுச்சொல் சரியாக இருந்தும் “தவறு” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் சேர்ந்துகொள்ளும்.

மெஷ் என்ற சொல்லில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசும்போது அழைப்பு அறுபடாமல் ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்குக் கைமாற வேண்டும் என்றால் கருவிகள் தங்களுக்குள் கலந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டி.பி.-லிங்க்கின் ஒன்மெஷ் எக்ஸ்டெண்டர், ஒன்மெஷ் தெரிந்த டி.பி.-லிங்க் ரௌட்டரோடுதான் மெஷ்ஷாகச் சேரும். அதே கம்பெனியின் டெக்கோ வரிசையோடுகூட அது அவ்வாறு சேராது. ஏசஸ்ஸின் ஏஐமெஷ் ஏசஸ் கருவிகளுக்குள்தான். இந்தப் பிரிவினையைத் தீர்க்கவே வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈஸிமெஷ் என்ற பொதுச் சான்றைக் கொண்டுவந்தது. ஆனால் அது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். எக்ஸ்டெண்டரில் ஈஸிமெஷ் இருந்து ஓ.என்.டி. பெட்டியில் இல்லையென்றால், அந்த எக்ஸ்டெண்டர் சாதாரண எக்ஸ்டெண்டராகத்தான் வேலை செய்யும். எனவே என் பெட்டியோடு மெஷ் வேண்டும் என்று நினைத்தால் மெஷ் தொகுப்பு ஒன்றையே தனியாக வாங்கி, பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். ஒரு மேசைக்காக அவ்வளவு செலவு எனக்குத் தேவைப்படவில்லை. நான் மேசையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், நடந்துகொண்டு அல்ல.

பழைய ரௌட்டரையே ரிப்பீட்டராக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். டபிள்யூ.டி.எஸ். என்ற முறையில் அது முடியும். ஆனால் அது ஒருபோதும் முறையாகத் தரப்படுத்தப்படவில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு ரௌட்டர்களுக்கு இடையே நடக்கும், வேற்றுக் கம்பெனி என்றால் கடவுள் விட்ட வழி. அரைநாள் முயன்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை கடைக்குப் போகும்போது தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டியில் ஏ.சி.1200 என்று இருந்தால், அது 2.4இல் 300, 5இல் 867 என்ற இரண்டு எண்களையும் கூட்டி, மேலே கொஞ்சம் ஏற்றிச் சொன்ன கணக்கு. ஏ.சி.750 என்றால் 300, 433. இரண்டு அலைவரிசை இருப்பதில் உள்ள நன்மை இந்தக் கூட்டுத்தொகையில் இல்லை. ஆசாரத்துப் பெட்டியோடு 5இல் பேசிக்கொண்டே எனக்கு 2.4இல் கொடுக்கலாம், அல்லது மாற்றியும் செய்யலாம் என்பதில்தான் இருக்கிறது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று முறை வைக்கத் தேவையில்லை. இரண்டு வாய்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓடும். கடைக்காரர் காட்டிய முதல் கருவியில் ஏ.சி.1200 என்று பெரிதாகவும், பின்புறம் பொடி எழுத்தில் 10/100 துளை என்றும் இருந்தது. கம்பி வழியாக 100க்கு மேல் போகாத துளையை வைத்துக்கொண்டு 1200 என்று சொல்வது, அகலமான வாய்க்காலுக்கு ஓரங்குலக் குழாய் மதகு வைப்பதுபோல. நம் திட்டமே 100தான் என்றால் இதனால் இப்போது நட்டமில்லை. நாளை 200 எடுத்தால் தெரியும். ஜிகாபிட் துளை உள்ளதை இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன். அதில் கம்பி வழியே வரும் இணையத்தை வைஃபையாகக் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட் முறையும் உண்டா என்று கேட்டுக்கொண்டேன். பின்னொரு நாள் கம்பி இழுத்தால் அதே கருவி பாதி வேக இழப்பு இல்லாமல் இயங்கும் வழி அதுதான். வைஃபை 6 கருவியும் இருந்தது. என் பெட்டி வைஃபை 5 ஆகையால், அவற்றுக்கிடையே உள்ள பேச்சு எப்படியும் வைஃபை 5இல்தான் நடக்கும். அதனால் வாங்கவில்லை.

நடு அறையில் பிளக் இருந்த இடம் பூசை அலமாரிக்குப் பக்கத்தில். பெட்டியிலிருந்து மைனஸ் 55 அங்கே கிடைத்தது. மாடிக்கும் சன்னல் வழியாக ஓரளவு திறந்த பாதை. சொருகியதும் மாடியில் 62 எம்.பி.பி.எஸ். வந்தது. இரவு பத்து மணிக்கு வேகம் இறங்கிற்று. விடிந்து பார்த்தால் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. “ராத்திரியெல்லாம் செவப்பும் பச்சையுமா மின்னுது, வெடிச்சுக் கிடிச்சுறப் போகுதுன்னு நாந்தான் நிறுத்துனே” என்றார்கள் அம்மா. சுவிட்ச் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டியதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. சில நாள் 60 வரும், சில நாள் 18 வரும். மழையா, பக்கத்து வீட்டு வைஃபையா, தென்னை ஓலையா என்று எல்லாவற்றையும் சந்தேகித்தேன். நாள்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தபோதுதான் பிடிபட்டது: வேகம் விழுந்ததெல்லாம் மின்சாரம் போய் வந்த நாள்களில். அதிலும் எல்லா நாள்களிலும் அல்ல. ஓ.என்.டி. பெட்டி ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் 5 கிகாஹெர்ட்ஸில் எந்தச் சேனல் காலியோ அதைத் தானாகத் தேர்ந்துகொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. சில நாள் 36 எடுக்கும், சில நாள் 100 எடுக்கும். 52 முதல் 144 வரை உள்ள சேனல்கள் பல நாடுகளில் வானிலை ராடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அங்கே இயங்கும் கருவி ராடார் ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, ஒலித்தால் விலகிக்கொள்ள வேண்டும். இந்த வேலையெல்லாம் வேண்டாமென்று பல எக்ஸ்டெண்டர்கள் அந்தச் சேனல்களையே ஆதரிப்பதில்லை. பெட்டி 100க்குப் போன நாள்களில் என் எக்ஸ்டெண்டரின் கண்ணுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒன்றே இல்லை. அது சத்தமில்லாமல் 2.4ஐப் பிடித்துக்கொண்டது. பெட்டியின் பக்கத்துக்குள் மறுபடி நுழைந்து, சேனலை 44 என்று நிலைநிறுத்தினேன். 36 முதல் 48 வரை 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்குப் பொதுவாகத் தெரிந்த பகுதி. அன்றிலிருந்து மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பிறகும் மாடியில் 60க்குக் குறையவில்லை. வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஆனால் அட்டைப்பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது.

இது முடிந்ததும் அப்பா கட்டுத்தரைக்கும் வேண்டும் என்றார். அங்கே மாடுகளுக்கு மேலே ஒரு கேமரா, அது 2.4 மட்டும் அறிந்தது. நடு அறை எக்ஸ்டெண்டரிலிருந்து எடுத்து இன்னொரு எக்ஸ்டெண்டர் போடுவது கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன், ஒவ்வொரு தாவலிலும் வேகம் தேய்வதோடு தாமதமும் கூடும். அதோடு கட்டுத்தரைக்குத் தகரக் கூரை. மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் கருவி உண்டு. ஆனால் கட்டுத்தரைக்கு மின்சாரம் வருவது தோட்டத்து சர்வீசில், வேறு மீட்டரில். வீட்டு சர்வீசில் ஏற்றியது அந்த மீட்டருக்குப் பெரும்பாலும் போய்ச் சேராது. தாமிர லேன் கம்பியைத் தென்னைமரங்களில் கட்டி இழுத்துவிடலாம் என்று பங்காளி ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் அப்படி இழுத்த கம்பிதான் ஐப்பசி இடியில் ரௌட்டரின் துளையைக் கருக்கியது. கடைசியில் இரு முனையிலும் லேன் கம்பியை ஃபைபரோடு இணைக்கும் கன்வெர்ட்டர் வைத்து, நடுவில் ஃபைபர் இழுத்து, அதைக் குழாயில் மண்ணுக்கடியில் போட்டோம். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. முனையில் வீட்டிலிருந்த பழைய ரௌட்டரையே, ஐ.பி. முகவரி கொடுக்கும் வேலையை அதில் அணைத்துவிட்டு, ஆக்சஸ் பாயிண்டாக வைத்தோம். அப்பா இப்போது சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு அங்கேயே செய்தி பார்க்கிறார். கேமரா அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது.

முதலில் வாங்கிய ஒற்றை ரேடியோ எக்ஸ்டெண்டர் எட்டு மாதம் அட்டாலியில் கிடந்தது. மொடக்குறிச்சியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் பொங்கலுக்குப் போனபோது அதை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டுத் திட்டம் 30 எம்.பி.பி.எஸ்.; பெட்டியும் 2.4 மட்டும் உள்ளது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் மூன்று அறை. நடு அறையில் மைனஸ் 52 கிடைத்த இடத்தில் சொருகினேன். பிள்ளைகள் படிக்கும் பின்னறையில் 24 வந்தது. அங்கே அதற்கு மேல் எவ்வளவு பெரிய கருவியாலும் பெரிதாகக் கொடுத்துவிட முடியாது. அவள் கைப்பேசியில் எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏனுங்கண்ணா, இதையப் போயி ஆகாதுன்னு அட்டாலில போட்டு வெச்சிருந்தீங்க?”